ஓட்டத்தின் களைப்பு, பயத்தின் களைப்பு

நான்கு வயதுக் குழந்தை ஒன்று சின்ன அறையில் உட்கார்ந்திருக்கிறது. கழுத்திலும் மார்பிலும் மின்முனைகள் ஒட்டியிருக்கின்றன. அவற்றின் வயர்கள் பக்கத்திலுள்ள கருவிக்குப் போகின்றன. எதிரே, இதற்குமுன் பார்த்தே இராத ஒரு பெண். முதலில் அவர் ஒரு கதை வாசிக்கிறார். குழந்தை நிம்மதியாக இருக்கும்போது இதயம் எப்படித் துடிக்கிறது என்று பதிவு செய்யத்தான் அந்தக் கதை. அடுத்து குழந்தையைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் கேள்விகள் கேட்கிறார். பிறகு சில எண்களைச் சொல்லி அப்படியே திருப்பிச் சொல்லச் சொல்கிறார். சரியாகச் சொல்லச் சொல்ல எண்களின் வரிசை நீண்டுகொண்டே போகிறது. அதன்பின் நாக்கில் ஒரு துளி எலுமிச்சைச் சாறு. முகம் சுளிக்கிறது. கடைசியாக, மனத்தைச் சற்றுக் கலக்கும் ஒரு சிறு படக் காட்சி. எல்லாம் முடிந்தபின் மறுபடியும் ஒரு கதை.

கலிஃபோர்னியாவில் குழந்தை மருத்துவர் தாமஸ் பாய்ஸும், செவிலியரும் ஆய்வாளருமான ஆபி ஆல்கனும், அவர்களுடைய சகாக்களும் மூன்று முதல் எட்டு வயதுவரையுள்ள குழந்தைகளுக்காக உருவாக்கிய சோதனை இது. நான்கு விதமான சவால்கள்: அந்நியரிடம் பேசுவது, மூளையைக் கசக்குவது, உடலில் திடீரென்று ஏற்படும் ஓர் உணர்வு, மனக்கலக்கம். பெரியவர்களைச் சோதிக்கும்போது கையைப் பனிக்கட்டித் தண்ணீரில் முக்கி வைக்கச் சொல்வார்கள். முகத்தில் எந்தச் சலனமும் காட்டாத நடுவர்கள் முன்னால் பேசச் சொல்வார்கள். பச்சைக் குழந்தையிடம் அப்படி நடந்துகொள்ள யாருக்கு மனம் வரும்? அதனால்தான் எலுமிச்சைத் துளி. குழந்தையைத் துன்புறுத்தாமல் அதன் உடலிடம் ஒரு கேள்வி கேட்கும் இந்த நிதானம் அறிவியலின் மிக நல்ல முகம் என்று நினைக்கிறேன்.

சோதனையில் ஒரு சிக்கல் இருந்தது. வாயைத் திறந்து பேசினாலே இதயத் துடிப்பு கொஞ்சம் மாறும். அப்படியானால் கருவி காட்டுவது சவாலின் விளைவா, பேச்சின் விளைவா? பிற்பாடு ஒவ்வொரு சவாலுக்கும் ஒரு சாதாரண இணையைச் சேர்த்தார்கள். எலுமிச்சைச் சாற்றுக்கு ஈடாகத் தண்ணீர். கலக்கும் படத்துக்கு ஈடாகச் சலனமில்லாத படம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சவாலுக்குரிய பங்கு.

அந்தப் பங்கு குழந்தைக்குக் குழந்தை மாறியது. வயது, எடை, வளர்ப்பு எல்லாம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தும், ஒரு குழந்தையின் இதயம் எலுமிச்சையைச் சட்டையே செய்யவில்லை. இன்னொன்றின் இதயம் எண்களைக் கேட்டதுமே எகிறியது. இந்த எகிறலுக்கு என்ன அர்த்தம் என்று புரிந்துகொள்ள, உடலுக்குள் ஓடும் இரண்டு வழிகளை அறிந்துகொள்ள வேண்டும்.

முதல் வழி நரம்பு வழி. வேலை நொடிகளில் நடந்துவிடும். பெரியவர்களின் இதயத்தை அதன் போக்கில் விட்டால் நிமிடத்துக்கு நூறு தடவை அளவுக்குத் துடிக்கும். ஓய்வில் எழுபது, எண்பது என்று இறங்கியிருக்கிறதென்றால், மூளைத்தண்டிலிருந்து இறங்கி வரும் வேகஸ் நரம்பு அதை ஓயாமல் பிடித்து வைத்திருக்கிறது என்று பொருள். மலைப்பாதையின் இறக்கத்தில் பஸ் ஓட்டுநர் பிரேக்கிலிருந்து காலை எடுக்காமலே வருவாரே, அதுபோல. ஒரு சின்ன சவால் வந்தால் உடல் முதலில் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பதில்லை; பிரேக்கைத்தான் கொஞ்சம் தளர்த்துகிறது. தேவை பெரிதானால்தான் பரிவு நரம்புகள் விழித்துக்கொண்டு இதயத்தை விரட்டுகின்றன. சிறுநீரகங்களின் தலையில் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் விடுகின்றன. நாம் மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்றுக் கூடி, விடும்போது சற்றுக் குறைகிறது. அந்த ஏற்ற இறக்கத்தின் அளவை வைத்தே, வேகஸ் எவ்வளவு பிடித்திருக்கிறது என்று வெளியிலிருந்து கணக்கிட்டுவிடலாம். குழந்தையின் மார்பில் ஒட்டிய மின்முனைகள் அதைத்தான் பார்க்கின்றன.

இரண்டாவது வழி ஹார்மோன் வழி. இது மெதுவானது. மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரிக்குச் சொல்ல, பிட்யூட்டரி அட்ரினலுக்குச் சொல்ல, அட்ரினல் கார்ட்டிசாலைச் சுரக்கிறது. பயம் தாக்கி இருபது, முப்பது நிமிடம் கழித்துத்தான் எச்சிலில் அதன் உச்சம் தெரியும். கார்ட்டிசால் சேமித்து வைத்த சர்க்கரையை வெளியே எடுக்கும், நோயெதிர்ப்பு அணுக்களின் வேலையை மாற்றும், மூளையில் நினைவு பதியும் இடங்களைத் தொடும். நாள்தோறும் காலையில் உயர்ந்து மாலைக்குள் இறங்குவது அதன் இயல்பு. குழந்தையின் வாயிலிருந்து கொஞ்சம் எச்சிலைப் பஞ்சில் ஒற்றி எடுத்தால் போதும், அளந்துவிடலாம். ஊசி குத்தாமல் அளக்க முடிந்ததால்தான் 1980-களிலிருந்து குழந்தைகளைப் பற்றிய இந்தத் துறை மளமளவென்று வளர்ந்தது.

இந்த இரண்டு வழிகளும் ஓட்டப்பந்தயத்துக்கும் வேலை செய்கின்றன, பள்ளிக்கூடத்தின் முதல் நாளுக்கும் வேலை செய்கின்றன. உடலுக்குத் தனியாக, மனத்துக்குத் தனியாக என்று இரண்டு இயந்திரங்கள் கிடையாது. பெரிய வித்தியாசம் ஏறுவதில் இல்லை, இறங்குவதில் இருக்கிறது. இந்த அத்தியாயம் முழுக்க அந்த இறக்கத்தைப் பற்றித்தான்.

முதலில் ஓட்டம். தெருவில் ஓடிப்பிடித்து விளையாடும் ஐந்தாறு பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் பாருங்கள். ஒருவன் தலைதெறிக்க ஓடுகிறான். சட்டென்று நிற்கிறான். சுவரோரம் ஊரும் எறும்பு வரிசையைக் குனிந்து பார்க்கிறான். யாரோ பெயரைச் சொல்லிக் கத்த, மறுபடி பாய்ச்சல். இரண்டு நிமிடத்துக்குமுன் மூச்சிரைத்தவன் இவன்தானா என்று நமக்குச் சந்தேகம் வரும். 1995-இல் அமெரிக்காவில் ஆறு முதல் பத்து வயதுவரையுள்ள குழந்தைகளின் அசைவுகளை மூன்று நொடிக்கு ஒரு முறை குறித்துக்கொண்டே வந்தார்கள். கடுமையான ஓட்டம், தாவல் போன்றவை சராசரியாக நீடித்தது மூன்றே நொடி. ஏறக்குறைய எல்லாப் பாய்ச்சல்களுமே கால் நிமிடத்துக்குள் முடிந்துவிட்டன. குழந்தையின் இயல்பான தாளம் இதுதான்: கொஞ்சம் வெடிப்பு, கொஞ்சம் ஓய்வு, மறுபடி வெடிப்பு.

இந்தத் தாளத்துக்கு ஏற்றபடிதான் அதன் உடலும் அமைந்திருக்கிறது. குழந்தையின் இதயம் சிறியது, ஒரு துடிப்புக்கு வெளியேற்றும் இரத்தமும் குறைவு. அந்தக் குறையைத் துடிப்பின் வேகத்தால் ஈடுகட்டுகிறது. ஓய்விலேயே ஐந்து வயதுக் குழந்தைக்கு நூறை ஒட்டித் துடிக்கலாம். முழு வேகத்தில் ஓடும்போது இருநூறு. பெரியவர்களுக்குக் கவலை தரும் எண் அது. குழந்தைக்கு அது சாதாரணம்.

மீள்வதைத்தான் பார்க்க வேண்டும். பிரான்சில் செபாஸ்டியன் ராட்டெல் குழுவினர் 2018-இல் வெளியிட்ட ஆய்வில் மூன்று தரப்பினரை ஒரே சைக்கிளில் ஏற்றினார்கள்: எட்டு முதல் பன்னிரண்டு வயதுவரையுள்ள சிறுவர்கள் 12 பேர், விளையாட்டுப் பயிற்சி இல்லாத ஆண்கள் 12 பேர், நெடுந்தூரப் போட்டிகளில் தேசிய அளவில் கலந்துகொள்ளும் வீரர்கள் 13 பேர். முப்பது நொடிகள் முடிந்தமட்டும் மிதிக்க வேண்டும். பயிற்சி இல்லாத ஆண்களின் திறன் அந்த முப்பது நொடிக்குள் ஏறக்குறைய 52 சதவீதம் சரிந்தது. வீரர்களுக்குச் சரிந்தது சுமார் 42 சதவீதம், சிறுவர்களுக்குச் சுமார் 35 சதவீதம். மிதித்து முடித்தபின் சிறுவர்களின் இதயத் துடிப்பு வீரர்களுக்கு ஈடான வேகத்தில் இறங்கியது. இரத்தத்தில் சேர்ந்த லாக்டேட்டை வீரர்களையும்விட விரைவாகக் கழித்தார்கள். சிறுவர்களின் தசைகள் ஆக்ஸிஜனைக் கொண்டு சக்தி எடுக்கும் வழியையே அதிகம் நம்புகின்றன, அதனால் களைப்பும் மெதுவாகச் சேருகிறது. வருடக்கணக்கில் பயிற்சி செய்து வீரர் பெற்றதில் ஒரு பங்கை, பருவமடையாத சிறுவன் சும்மாவே வைத்திருக்கிறான்.

வெயிலைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. குழந்தையின் ஒவ்வொரு வியர்வைச் சுரப்பியும் பெரியவர்களுடையதைவிடக் குறைவாகவே சுரக்கிறது. எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம் என்பதால், காற்று தோலைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்வரை வெப்பத்தை எளிதாக வெளியேற்றிவிடும். ஏப்ரல், மே மாதத்து வேலூரிலோ திருச்சியிலோ நண்பகலில் காற்று தோலைவிடச் சூடாகிவிட்டால் அதே பரப்பு எதிரியாகிவிடுகிறது. தண்ணீரும் நிழலும் இருந்தால் போதும், குழந்தை சமாளித்துக்கொள்ளும். இரண்டும் இல்லாத மைதானத்தில் விளையாட்டு வகுப்பு வைப்பது தவறு.

ஆக, ஓடிக் களைத்த குழந்தைக்கு நாம் செய்ய வேண்டியது அனேகமாக ஒன்றுமில்லை. அதன் உடலே மீட்டுக்கொள்கிறது.

பயந்த குழந்தையின் கதை வேறு. தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் புதன்கிழமை தடுப்பூசி நாள். ஒன்றரை மாதக் குழந்தையை அம்மா மடியில் கிடத்தி, ஒரு கையால் காலைப் பிடித்துக்கொள்ள, நர்ஸ் தொடையில் ஊசியைக் குத்துகிறார். ஒரு நொடி சத்தமே இல்லை. முகம் சிவக்கிறது, வாய் திறக்கிறது, அதன்பிறகுதான் அந்த அலறல். அம்மா தூக்கித் தோளில் சாய்த்து முதுகைத் தட்டுகிறார். இரண்டு மூன்று நிமிடத்தில் அழுகை விசும்பலாகிறது. பக்கத்தில் பாட்டி இருந்தால் ஊசியைத் திட்டுவார்.

அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் மேகன் கன்னர் பல பத்தாண்டுகளாக இந்த நிமிடங்களைத்தான் ஆராய்ந்து வந்தார். இரண்டு, நான்கு, ஆறு, பதினைந்து மாதங்களில் தடுப்பூசிக்கு முன்னும் பின்னும் குழந்தைகளின் கார்ட்டிசாலை அளந்தார். இரண்டாவது மாதத்தில் ஊசிக்குப்பின் கார்ட்டிசால் நன்றாக ஏறியது. நான்கிலும் ஆறிலும் அந்த ஏற்றம் குறைந்தது. பதினைந்தாவது மாதத்தில் சராசரியாகப் பார்த்தால் ஏற்றமே இல்லை. அந்த வயதில் குழந்தை ஊசியை நன்றாக அறிந்திருக்கும்; வெள்ளை அங்கியைக் கண்டதுமே கத்தும். அழுகை குறையவில்லை, ஹார்மோன் மட்டும் அசையவில்லை.

ஓராண்டில் நடந்தது என்ன? சுரப்பிகள் பழுதாகிவிடவில்லை. இடைப்பட்ட மாதங்களில் குழந்தைக்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டார். கத்தினால் வருவார், தூக்குவார் என்று நூற்றுக்கணக்கான தடவை சரிபார்த்து உறுதிசெய்துகொண்ட ஆள். அதே குழந்தைகளைப் பதினெட்டு மாதத்தில் பார்த்தபோது, தாயோடு பாதுகாப்பான பற்று உருவாகாத குழந்தைகளுக்கே முந்தைய ஊசி வேளையில் கார்ட்டிசால் அதிகமாக ஏறியிருந்தது தெரியவந்தது. இன்னோர் ஆய்வில் பதினெட்டு மாதக் குழந்தைகளின் முன்னால் கோமாளி, தானாக நகரும் ரோபோ, பொம்மலாட்டம் என்று புதிய புதிய விஷயங்களைக் கொண்டுவந்தார்கள். இயல்பிலேயே கூச்சமும் பயமும் உள்ள குழந்தைகள் அம்மாவிடம் ஒட்டிக்கொண்டன. அவர்களில் அம்மாவிடம் நம்பிக்கை வேரூன்றியவர்களுக்குக் கார்ட்டிசால் ஏறவில்லை. நம்பிக்கை வேரூன்றாதவர்களுக்கு ஏறியது. பயந்த சுபாவம் இருவருக்கும் ஒன்றுதான்.

அம்மாதான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. 1992-இல் கன்னர் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாதக் குழந்தைகளை அரை மணி நேரம் அம்மாவைப் பிரித்து அறிமுகமில்லாத ஒரு பெண்ணிடம் விட்டார்கள். சில குழந்தைகளோடு அந்தப் பெண் அன்பாகப் பேசி, விளையாடி, குழந்தை காட்டியதையெல்லாம் கவனித்தார். வேறு சிலரோடு, குழந்தை அழுதால் மட்டும் வந்து கவனித்துவிட்டு, மற்ற நேரமெல்லாம் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொடுமை எதுவும் இல்லை, கவனமின்மை மட்டும்தான். இரண்டாவது விதத்தில் இருந்த குழந்தைகளுக்குக் கார்ட்டிசால் ஏறியது. முதல் விதத்தில் இருந்தவர்களுக்கு, அம்மா இல்லாவிட்டாலும், ஏறவில்லை. அங்கன்வாடியிலும் குழந்தைகள் காப்பகத்திலும் எத்தனை ஆட்கள், எத்தனை குழந்தைகளுக்கு என்பது நிர்வாகக் கணக்கு மட்டுமல்ல. அது சுரப்பிகளின் கணக்கும்கூட. ஒருவரே முப்பது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தால், எவ்வளவு நல்ல மனம் படைத்தவரும் இரண்டாவது விதமாகத்தான் நடந்துகொள்ள முடியும்.

வீட்டில் இருக்கும் நாளில் இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகளின் கார்ட்டிசால் காலையிலிருந்து மாலைக்கு இறங்குகிறது. அதே குழந்தைகள் முழு நாள் காப்பகத்தில் இருக்கும்போது பலருக்குப் பிற்பகலில் அது ஏறுகிறது. இதைப் படித்துவிட்டு வேலைக்குப் போகும் தாய்மார்கள் குற்ற உணர்வுக்கு ஆளாகத் தேவையில்லை. ஏற்றம் சிறியதுதான், கவனிப்பு நன்றாக உள்ள இடங்களில் இன்னும் குறைவு. பகலில் தூங்கும் நேரத்தில் இறங்கவும் செய்கிறது. சம வயதுப் பிள்ளைகளோடு நாள் முழுக்க விட்டுக்கொடுத்து, பிடுங்கி, காத்திருந்து விளையாடுவது இரண்டு வயதுக்குக் கடினமான மூளை வேலை என்பதையே அந்த அளவு சொல்கிறது. மூளைக்கு அந்த வயதில் தீனியும் அதிகம் வேண்டும். மானுடவியலாளர் கிறிஸ்டோஃபர் குசாவாவின் குழு 2014-இல் காட்டியபடி, ஐந்து வயதை ஒட்டி உடல் ஒரு நாளில் செலவிடும் மொத்த சக்தியில் ஏறக்குறைய 43 சதவீதத்தை மூளை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. ஓய்வில் செலவாகும் சக்தியோடு ஒப்பிட்டால் 66 சதவீதம். மூளை அதிகம் உண்ணும் அந்த வயதில்தான் உடம்பின் வளர்ச்சி மிகவும் மந்தமாகிறது. எல்.கே.ஜி. விட்டு வந்த பிள்ளை வாசலிலேயே பையைப் போட்டுவிட்டுச் சிணுங்கினால், பசியும் களைப்பும் மெய்தான். அந்நேரம் வீட்டுப்பாடத்துக்கு உகந்ததல்ல.

இனி, எனக்கு மிகவும் கவலை தரும் ஒரு விஷயம். அழாத குழந்தையை நாம் கொண்டாடுகிறோம். ‘எங்க பிள்ளை சமர்த்து, விட்டுட்டுப் போனா ஒரு சத்தம் போடாது’ என்று பெருமைப்படுகிறோம். பல குழந்தைகளுக்கு அது உண்மையான நிம்மதியாகவே இருக்கலாம். எல்லோருக்கும் அல்ல. மேரி எயின்ஸ்வொர்த் வகுத்த புகழ்பெற்ற சோதனையில் ஒரு வயதுக் குழந்தையைப் புதிய அறையில் விட்டு அம்மா வெளியே போய்த் திரும்பி வருவார். சில குழந்தைகள் கதறி, அம்மா வந்ததும் ஓடி ஒட்டிக்கொண்டு, தேறிவிடும். வேறு சில, அம்மா போனாலும் வந்தாலும் தலை நிமிராமல் பொம்மையோடு விளையாடிக்கொண்டிருக்கும். பார்ப்பவருக்கு இந்த இரண்டாவது குழந்தைதான் தைரியசாலி. ஜெர்மனியில் காட்ஃப்ரீட் ஸ்பாங்லரும் கரின் கிராஸ்மனும் 1993-இல் வெளியிட்ட ஆய்வு அந்தத் தைரியத்தின் உள்ளே எட்டிப் பார்த்தது. பொம்மையை விட்டுக் கண்ணெடுக்காத குழந்தையின் இதயமும் பிரிவின்போது வேகமாகத்தான் துடித்தது. சோதனைக்குப் பிறகு அவர்களின் கார்ட்டிசால் ஏறியிருந்தது. கதறி அழுது அம்மாவிடம் தேறிய குழந்தைகளுக்கு அப்படி ஏறவில்லை. அழுகை தன் வேலையைச் செய்திருக்கிறது: ஆளைக் கூப்பிட்டது, ஆள் வந்தார், உடல் இறங்கியது. அழாத குழந்தை யாரையும் கூப்பிடவில்லை. உடலும் இறங்க வழியில்லாமல் நின்றது. கூப்பிட்டுப் பலனில்லை என்று ஒரு வயதுக்குள் கற்றுக்கொள்ளும் குழந்தைகள் உண்டு. ‘ஆம்பளப் பிள்ளை அழலாமா’ என்று கேட்பவர்களுக்கு, அடங்கியது சத்தம் மட்டும்தான் என்று யாராவது சொல்ல வேண்டும்.

எலுமிச்சைத் துளிக்கு எகிறிய இதயங்களுக்கு வருவோம். அவை பலவீனமான குழந்தைகள் என்றுதான் யாரும் முதலில் எண்ணுவார்கள். பாய்ஸும் நோய்களைத் தேடிப் போனார். 1995-இல் வெளியான முடிவு அவரையே திகைக்க வைத்தது. சவால்களுக்கு உடல் பலமாக எகிறும் குழந்தைகள், சண்டையும் நெருக்கடியும் மிகுந்த சூழலில் இருந்தபோது மற்றெல்லோரையும்விட அதிகமாகச் சளி, இருமல், மூச்சுக்குழல் நோய்களுக்கு ஆளானார்கள். இது எதிர்பார்த்ததுதான். அதே வகைக் குழந்தைகள் அமைதியான, ஆதரவான சூழலில் இருந்தபோது மற்றெல்லோரையும்விடக் குறைவாக நோயுற்றார்கள். அதிகம் எகிறாத குழந்தைகளோ எந்தச் சூழலிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தார்கள். எகிறும் உடல் கெட்டதையும் ஆழமாக வாங்குகிறது, நல்லதையும் ஆழமாக வாங்குகிறது. பின்னர் 338 ஐந்து வயதுக் குழந்தைகளிடம் யெலேனா ஓப்ராடோவிச்சும் பாய்ஸும் செய்த ஆய்விலும் நடத்தை, பள்ளிப் படிப்புக்கான தயார்நிலை ஆகியவற்றில் இதே வடிவம் தெரிந்தது. எங்கும் முளைக்கும் டேன்டிலியன் செடி ஒரு வகை, பக்குவமாகப் பார்த்துக்கொண்டால் மட்டும் பூக்கும் ஆர்க்கிட் இன்னொரு வகை என்று பாய்ஸ் பெயர் வைத்தார். குழந்தைகளை இப்படி இரண்டாகப் பிரித்துவிட முடியாது. பெரும்பாலோர் நடுவில் எங்கோ இருக்கிறார்கள். ‘இவள் எதற்கெடுத்தாலும் அழுவாள்’ என்று ஒதுக்கப்படும் பெண் குழந்தையைப் பார்க்கும் கண்ணையாவது அந்தப் பெயர் மாற்றினால் எனக்கு மகிழ்ச்சி.

பாய்ஸின் ஆய்வுகளில் ஒன்றை இயற்கையே குறுக்கிட்டு நடத்தியது. 1989-இல் சான் ஃபிரான்சிஸ்கோ பகுதியில் கிண்டர்கார்ட்டன் சேரும் குழந்தைகள் சிலரின் நோயெதிர்ப்பு அணுக்களைப் பள்ளி தொடங்குமுன்னும் தொடங்கிய பின்னும் அளந்து வைத்திருந்தார். பள்ளிக்கூடம் என்ற சவால் அந்த அணுக்களை எவ்வளவு அசைக்கிறது என்று பார்ப்பதே நோக்கம். அக்டோபர் 17 மாலை லோமா பிரியேட்டா நிலநடுக்கம் வந்தது. 63 பேர் இறந்தார்கள், பாலங்கள் சரிந்தன. இப்போது பாய்ஸிடம் ஒரே குழந்தைகள், இரண்டு சவால்கள். பள்ளி தொடங்கியபோது எவருடைய நோயெதிர்ப்பு அதிகம் அசைந்ததோ, நிலநடுக்கத்துக்குப் பிந்தைய வாரங்களில் அவர்களுக்குத்தான் சளிக் காய்ச்சல் கூடியது. குழந்தைகளிடம் நிலநடுக்கத்தை வரையவும் சொன்னார்கள். சிலர் சிரிக்கும் சூரியனும் சந்தோஷமான வீடுகளுமாக வரைந்தார்கள். சிலர் இடிந்த சுவர்களையும் அழும் முகங்களையும் வரைந்தார்கள். அடுத்த வாரங்களில் ஆரோக்கியமாக இருந்தவர்கள், பயத்தைப் பயமாகவே வரைந்த குழந்தைகள். இருபது பேரளவே இருந்த சின்னக் கூட்டம். இதிலிருந்து பெரிய விதி எதையும் எடுத்துவிடக் கூடாது. ஜெர்மனியின் அழாத குழந்தைகளோடு சேர்த்துப் பார்க்கும்போது மட்டும் அந்தப் படங்கள் மனத்தை விட்டு அகல மறுக்கின்றன.

மீட்க ஆளே இல்லாவிட்டால் என்ன ஆகும்? இதற்கான விடை ருமேனியாவில் இருக்கிறது. நிக்கோலாய் சௌசெஸ்குவின் ஆட்சி 1966-இல் கருக்கலைப்பைத் தடை செய்தது. வளர்க்க வழியில்லாமல் பிறந்த குழந்தைகள் அரசு விடுதிகளில் சேர்க்கப்பட்டார்கள். 1989 இறுதியில் அந்த ஆட்சி கவிழ்ந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அங்கே இருந்தார்கள். உணவு கிடைத்தது, பராமரிப்பாளர்கள் முறை மாறி மாறி வந்துபோனார்கள், அழுதால் வரும் ஒரு குறிப்பிட்ட ஆள் மட்டும் கிடைக்கவில்லை. அங்கு சென்ற பார்வையாளர்களைக் கலங்கடித்தது குழந்தைகள் அறைகளின் அமைதி.

2000-இல் சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஸீனா ஆகிய மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் புக்கரெஸ்ட் நகர விடுதிகளில் இருந்த 136 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். சீட்டுக் குலுக்குவதுபோல் தற்செயலாகப் பாதிப் பேருக்கு வளர்ப்புக் குடும்பம் கிடைத்தது. மற்றவர்கள் வழக்கமான பராமரிப்பிலேயே தொடர்ந்தார்கள். பின்னர் அவர்களில் பலருக்கும் குடும்பங்கள் அமைந்தன. அப்படிக் குலுக்கியது அறமா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. அன்று அந்நகரத்தில் வளர்ப்புக் குடும்ப முறையே அனேகமாக இல்லை என்பதையும், ஆய்வுக்காக உருவாக்கிய குடும்பங்கள்தாம் அந்தக் குழந்தைகளுக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு என்பதையும் எடைபோட்டுத்தான் அதைத் தீர்மானிக்க வேண்டும்.

பன்னிரண்டு வயதை ஒட்டி அந்தப் பிள்ளைகளுக்கு மேடைப்பேச்சு போன்ற சவால்களைக் கொடுத்தார்கள். வழக்கமான பராமரிப்பில் விடப்பட்டவர்களின் உடல் எகிறியிருக்கும் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். நடந்தது நேர்மாறு. இதயமும் மந்தம், கார்ட்டிசாலும் மந்தம். வருடக்கணக்கில் எகிறி எகிறி, யாரும் இறக்கிவிடாமல், கடைசியில் எகிறுவதையே உடல் விட்டுவிட்டதுபோன்ற நிலை. சீக்கிரமே, ஏறக்குறைய இரண்டு வயதுக்குள், குடும்பத்துக்குப் போய்ச் சேர்ந்தவர்களின் உடலோ மற்றக் குழந்தைகளைப்போலவே எழுந்து தணிந்தது. 2015-இல் கேட்டி மெக்லாலினும் சகாக்களும் வெளியிட்ட இந்த முடிவுதான், ஒரு விஷயத்தை உறுதியாகச் சொல்ல நமக்குத் துணிவு தருகிறது: ஆரம்ப வருடங்களில் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பது உடலின் அமைப்புக்குள்ளேயே போய்ச் சேர்கிறது. தற்செயலாகப் பிரித்த குழுக்கள் என்பதால், பிறவி வேறுபாடு என்று தள்ளிவிட முடியாது.

பக்கத்து ஆளின் இந்த வலிமை எத்தனை வயதுவரை? கமிலியா ஹோஸ்டினாரும் கன்னரும் 2015-இல் வெளியிட்ட ஆய்வில் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளையும் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளையும் நடுவர்முன் பேசச் சொன்னார்கள். தயார்செய்துகொள்ளும் நிமிடங்களில் சிலருக்கு அப்பாவோ அம்மாவோ துணை, சிலருக்கு அறிமுகமில்லாதவர். சிறியவர்களுக்குப் பெற்றோர் உடனிருந்ததே போதும், கார்ட்டிசால் ஏறவே இல்லை. பதினைந்து, பதினாறு வயதினருக்கு யார் இருந்தாலும் ஒன்றுபோலவே ஏறியது. அன்பு குறைந்துவிட்டது என்று பெற்றோர் வருந்த வேண்டாம். பருவமடையும் காலத்தில் இந்த இயந்திரமே தன்னைப் புதிதாக அமைத்துக்கொள்கிறது.

அந்த மாற்றத்தில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. வெளிநாட்டு விடுதிகளில் இருந்து, சிறுவயதில் அமெரிக்கக் குடும்பங்களுக்குத் தத்துப்போன பிள்ளைகளைக் கன்னரின் குழு பருவமடையும் ஆண்டுகளில் தொடர்ந்து அளந்தது. தொடக்கத்தில் அவர்களுக்கும் மந்தமான கார்ட்டிசால்தான். பருவம் முன்னேற முன்னேற அது மற்றப் பிள்ளைகளின் அளவை நோக்கி நகர்ந்தது. 2019-இல் வந்த இந்த முடிவு, இரண்டு வயதோடு எல்லாம் முடிந்துவிடுகிறது என்று நம்பியிருந்த பலரை மறுபடி யோசிக்க வைத்தது. அந்தப் பிள்ளைகள் எல்லோரும் அப்போது ஆதரவான வீடுகளில் பல வருடம் வாழ்ந்தவர்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் வீடு நன்றாக இருந்தால், உடல் அந்த வீட்டுக்கு ஏற்றபடி தன்னைத் திருத்திக்கொள்கிறது. வீடு அப்போதுதான் மோசமாகிறது என்றால் அந்தப் பக்கமும் திருத்திக்கொள்ளுமா என்பதை ஆய்வாளர்கள் இப்போது கவனித்து வருகிறார்கள்.